கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் நெட்வொர்க்கிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றலாகியோ கல்யாணமாகியோ கலிஃபோர்னியா வந்து, "பக்கத்துக் காலேஜில் கணினி நெட்வொர்க்கிங் சொல்லித்தருகிறார்களாமே, சேரலாமா?" என்று விசாரிக்கும் தமிழர்கள் நிறைய. அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில். கட்டணமும் விசா விதிகளும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம்மூர் பாலிடெக்னிக் மாதிரியா?

பாதி அப்படி. கலிஃபோர்னியாவில் 116 அரசு கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது. 18 வயதானவர் யாரும் சேரலாம், பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தொழில் சார்ந்த சர்டிஃபிகேட்டும் தருவார்கள், 60 யூனிட் (பாடச்சுமையின் அளவு) கொண்ட இரண்டாண்டு அசோசியேட் டிகிரியும் தருவார்கள். பாலிடெக்னிக்கில் இல்லாதது ஒன்று உண்டு: ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துப் படித்துவிட்டுப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

நெட்வொர்க்கிங் பிரிவில் என்ன சொல்லித்தருவார்கள்?

பல கல்லூரிகள், நெட்வொர்க் சாதனங்கள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமியின் பாடத்திட்டத்தையே நடத்துகின்றன. 1997-இல் தொடங்கிய திட்டம் அது. சிசிஎன்ஏ என்ற சிஸ்கோவின் தகுதித் தேர்வுக்கு அதில் மூன்று பாடங்கள். முதலாவது நெட்வொர்க் அறிமுகம்: ஐபி முகவரி, சப்நெட் (முகவரித் தொகுப்பைத் துண்டுகளாகப் பிரிப்பது), ஈதர்நெட், கேபிள். இரண்டாவது ஸ்விட்சிங், ரவுட்டிங், வயர்லெஸ்: விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்), டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு), ஸ்பேனிங் ட்ரீ (போக்குவரத்து வட்டமடிப்பதைத் தடுப்பது), டிஹெச்சிபி (முகவரியைத் தானாக வழங்குவது), ஸ்டாட்டிக் ரூட். மூன்றாவதில் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் முறை), ஆக்சஸ் லிஸ்ட், நாட் (முகவரி மாற்றம்), விபிஎன், கொஞ்சம் ஆட்டோமேஷன்.

ஒவ்வொரு கல்லூரியும் இவற்றுக்குத் தன் சொந்தப் பெயரும் எண்ணும் வைத்திருக்கும். சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் இந்தத் துறையின் சுருக்கப் பெயர் சிஎன்ஐடி, வேறு ஊரில் வேறு எழுத்துகள். அதனால் பெயரைப் பார்க்காமல் கல்லூரியின் பாடப் பட்டியலில் (கேட்டலாக்) பாட விவரத்தைப் படியுங்கள்.

சேரும் முன்பே துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்க வேண்டியது ஒன்று: மூன்றாவது பாடம் எந்த செமஸ்டரில் நடக்கும்? முதல் பாடத்தில் கூட்டம் இருக்கும், மூன்றாவதில் ஆள் குறையும். போதிய மாணவர்கள் சேராவிட்டால் வகுப்பையே ரத்து செய்துவிடுவார்கள். அப்படி நடந்தால் பக்கத்துக் கல்லூரியில் அந்த ஒரு பாடத்தை முடிக்கலாம். பாடத்திட்டம் ஒன்றே என்பதால் படிப்பு அறுபடாது.

ஊரில் பி.இ. முடித்தவர் மறுபடி இங்கே சேர முடியுமா?

முடியும், பலர் சேர்கிறார்கள். ஊர் மார்க் ஷீட்டை மதிப்பீடு செய்து வாங்க வேண்டியது இரண்டு சந்தர்ப்பங்களில்தான்: ஒரு பாடத்துக்கு முன்தகுதி கேட்டு அதை நீங்கள் ஏற்கெனவே படித்திருந்தால், அல்லது அசோசியேட் டிகிரிக்கான பொதுப்பாடங்களைக் கழித்துக்கொள்ள நினைத்தால். சர்டிஃபிகேட் மட்டும் போதும் என்பவர் மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

எச்-4 விசாவில் இருக்கிறேன். படிக்கலாமா?

படிக்கலாம். எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4-இல் பகுதி நேரமாகவும் முழு நேரமாகவும் படிக்க அனுமதி உண்டு, மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறத் தேவையில்லை. கட்டுப்பாடு சம்பளத்தில்தான். வேலை அனுமதி அட்டை இல்லாமல் ஊதியம் வாங்க முடியாது. நன்றாகப் படிக்கும் மாணவரை லேப் உதவியாளராக வைத்துக்கொள்ள ஆசிரியரே கூப்பிடுவார். மணிக்கணக்கில் சம்பளம் தரும் அந்த வேலைக்கும் அட்டை வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்று வெளி நிறுவனம் அழைத்தாலும், குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எஃப்-1-இல் நேராக ஊரிலிருந்து இதற்கென்றே வரலாமா?

வரலாம், ஆனால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும், அந்தக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் சேரும். நெட்வொர்க்கிங் வகுப்புகள் பல ஆன்லைனுக்குப் போய்விட்டதால் இதுவே பெரிய இடி. இரண்டாண்டு டிகிரிக்குப் பிறகு கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம். அதை நீட்டிக்கும், அறிவியல்-தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் சலுகை பேச்சலர் டிகிரியும் அதற்கு மேலும் படித்தவர்களுக்குத்தான். வெளிமாநிலக் கட்டணமும் சேர்ந்தால் கணக்கு உதைக்கிறது.

கட்டணம் எவ்வளவு?

கலிஃபோர்னியா வாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 2012 முதல் இதே விகிதம். 3 யூனிட் பாடம் 138 டாலர். அப்படி மூன்று பாடம் என்றால் 414. இதோடு ஹெல்த் ஃபீ, மாணவர் சங்கக் கட்டணம், கார் நிறுத்தக் கட்டணம் என்று சில்லறையாகச் சேரும். அகாடமியின் பாடங்கள் இணையத்திலேயே கிடைப்பதால் பல ஆசிரியர்கள் புத்தகம் வாங்கச் சொல்வதில்லை. முதல் வகுப்பு முடியும்வரை எதையும் வாங்காதீர்கள்.

வாசியாகக் கருதப்படாவிட்டால் அந்த 46 டாலருக்கு மேல் யூனிட்டுக்குப் பெரும்பாலும் 300 டாலருக்கும் அதிகமாகக் கேட்பார்கள். 138 டாலர் பாடம் ஆயிரத்தைத் தாண்டிவிடும். எனவே இந்தப் படிப்பின் உண்மையான விலையைத் தீர்மானிப்பது 'வாசியா இல்லையா' என்ற முத்திரைதான்.

அந்த 'வாசி' முத்திரையை எப்படி வாங்குவது?

செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். எச்-1பி, எச்-4 போன்ற விசாக்காரர்கள் இதற்குத் தகுதி பெறலாம். எஃப்-1, வருகையாளருக்கான பி-1, பி-2 விசாக்களில் இருக்கும் காலம் கணக்கில் வராது.

சிக்கல் காகிதத்தில்தான் வரும். வீட்டு ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு எல்லாமே கணவர் பெயரில் இருக்கும். மனைவி பெயரில் எதுவும் இருக்காது. இங்கே வந்தவுடன் செய்ய வேண்டியவை: ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை எடுப்பது, வீட்டு ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் சேர்ப்பது, கூட்டு வங்கிக் கணக்கு தொடங்குவது, மாநில வரியை இருவர் பெயரிலும் தாக்கல் செய்வது. விண்ணப்பத்தைக் கணினி பரிசீலித்து 'வெளியூர்' என்று போட்டுவிட்டால் மனம் தளர வேண்டாம். அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் மறுபரிசீலனைப் படிவம் இருக்கும். இந்த ஆவணங்களோடு வகுப்பு தொடங்கும் முன் கொண்டுபோய்க் கொடுங்கள்.

உதவித்தொகை?

பெல் கிரான்ட் போன்ற மத்திய அரசு உதவி எச்-4-க்குக் கிடையாது. கிரீன் கார்டு வந்தவரும் ஏற்கெனவே பேச்சலர் டிகிரி வைத்திருந்தால் பெல் வாங்க முடியாது. ஊர் டிகிரியும் டிகிரிதான். அதை மறைத்து விண்ணப்பிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. வருமானம் குறைவான மாநிலவாசிகளுக்கு யூனிட் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் காலேஜ் பிராமிஸ் கிரான்ட் தனியாக இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகருக்குள் குடியிருக்கும் மாநிலவாசிகளுக்கு அங்குள்ள சிட்டி காலேஜில் 2017 முதல் யூனிட் கட்டணமே இல்லை.

சேருவதற்கான படிகள் என்ன?

சிசிசி அப்ளை என்ற பொது இணையதளத்தில் விண்ணப்பம் போடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. சில நாளில் மாணவர் எண் வரும். ஆன்லைன் ஓரியன்டேஷனை முடித்துவிட்டுக் கவுன்சிலரிடம் நேரம் வாங்கிக் கல்வித் திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஓரியன்டேஷன், திட்டம் இரண்டையும் முடித்தவர்களுக்குப் பதிவுத் தேதி முன்னதாகக் கிடைக்கும்.

வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்ட்டில் சேருங்கள், முதல் நாள் வகுப்புக்கும் கட்டாயம் போங்கள். பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களை ஆசிரியர் அன்றே நீக்குவார், அந்த இடம் உங்களுக்கு வரும். சேர்ப்பதற்கு அவர் ஒரு எண் தருவார். அதற்குக் காலக்கெடு உண்டு, வீட்டுக்குப் போனதும் பதிவு செய்யுங்கள். ஆன்லைன் வகுப்பில் 'முதல் நாள் வருவது' என்றால் முதல் வாரத்துக்குள் நுழைந்து அறிமுகப் பதிவோ முதல் வினாடி வினாவோ முடிப்பது. உள்ளே நுழைந்து பார்த்தால் மட்டும் வருகையாகாது.

இன்னொன்று, பெயர். தமிழர்களுக்கு இனிஷியல் தகராறு எங்கும் துரத்தும். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் சர்நேம் கட்டத்தில் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். கல்லூரியில் ஒரு விதமாகவும் சிஸ்கோ அகாடமியின் கணக்கில் வேறு விதமாகவும் கொடுத்துவிட்டு, சிசிஎன்ஏ தேர்வு மையத்தில் அடையாள அட்டையை நீட்டினால் உள்ளே விட மாட்டார்கள். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் பெயரைக் கொடுங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம் என்பது கல்லூரிக் கணக்கு. 3 யூனிட் பாடத்துக்கு 9 மணி. அதையே 8 வாரத்தில் சுருக்கி நடத்தும் வகுப்பென்றால் 18 மணி. சிறு குழந்தை வைத்திருப்பவர்கள் இந்த 8 வார வகுப்பில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். முடிந்தால் முதல் பாடத்தை முழு செமஸ்டராக எடுங்கள்.

ஆன்லைனா, நேரடி வகுப்பா?

தியரிக்கு ஆன்லைன் போதும். இரண்டாவது பாடத்தையாவது நேரில் எடுங்கள். அங்கே ரேக்கில் நிஜ ரவுட்டரும் ஸ்விட்சும் இருக்கும், கெட்டுப்போவதும் நிஜமாகக் கெட்டுப்போகும். வீடியோவும் பாடமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில், நீங்கள் 138 டாலர் கொடுப்பது அந்த ரேக்குக்கும், "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் பின்னால் வந்து நின்று பார்க்கிற ஆசிரியருக்கும்தான்.

கணக்கில் நான் சுமார். சப்நெட்டிங் வருமா?

வரும். கூட்டல், கழித்தல், இரண்டின் அடுக்குகள் தெரிந்தால் போதும். 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்ற வரிசையைக் காகிதத்தின் தலையில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரு கணக்கு. கையில் 192.168.10.0/24 இருக்கிறது, அதாவது கடைசி எண் 0 முதல் 255 வரை 256 முகவரிகள். நான்கு பிரிவுகளுக்கு, ரவுட்டரையும் சேர்த்து, முறையே 50, 25, 10, 2 முகவரிகள் வேண்டும். பெரியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 50-க்கு 64 முகவரித் துண்டு வேண்டும், அதாவது /26: 0 முதல் 63 வரை. முதலும் கடைசியும் போக 62 மிச்சம். அடுத்து 25-க்கு 32 துண்டு, /27: 64 முதல் 95 வரை. 10-க்கு 16 துண்டு, /28: 96 முதல் 111 வரை. 2-க்கு 4 துண்டு, /30: 112 முதல் 115 வரை.

சிறியதிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? 2-க்கு 0 முதல் 3 வரை கொடுத்துவிட்டு 50-க்கு 4 முதல் 67 வரை என்று எழுதுவார்கள். 64 கொண்ட துண்டு 0, 64, 128, 192 ஆகிய இடங்களில் மட்டுமே தொடங்கும். 4-இல் தொடங்கும் துண்டு என்று ஒன்று இல்லவே இல்லை. தப்பில் பாதி இங்கேதான். மீதிப் பாதி, கேட்வேயைக் கணினிகளின் எண்ணிக்கையில் சேர்க்க மறப்பது: 30 கணினி என்றால் ரவுட்டரோடு 31 முகவரி, /27-இல் இடம் போதாது.

தினம் ஐந்து கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பாருங்கள். ஒரு கணக்கு ஒரு நிமிடத்துக்குள் வரும்வரை விடாதீர்கள்.

லேபில் கன்சோல் திரை (ரவுட்டருக்குக் கட்டளை அடிக்கும் திரை) வரவே இல்லை. என்ன செய்வது?

கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு வெளிர்நீலத் தட்டைக் கேபிள் இருக்கும், அது கன்சோல் என்று எழுதிய துளையில்தான் போக வேண்டும். பக்கத்திலேயே அதே வடிவில் ஏயூஎக்ஸ் துளை இருக்கும். அவசரத்தில் அதில் செருகிவிடுவது சகஜம். பிறகு டிவைஸ் மேனேஜரில் எந்த காம் எண் வந்திருக்கிறது என்று பார்த்து அதை புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் கொடுங்கள். வேகம் 9600, 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை.

திரையில் குப்பை எழுத்து ஓடினால் வேகம் பொருந்தவில்லை. எழுத்து வருகிறது, நீங்கள் அடிப்பது மட்டும் போகவில்லை என்றால் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆனில் இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் என்டரை நாலு முறை தட்டிவிட்டு, அதன்பிறகு டிரைவரைச் சந்தேகியுங்கள்.

கட்டளையைத் தப்பாக அடித்து அரை நிமிடம் உறைந்து நிற்பதும் அடிக்கடி நடக்கும். நீங்கள் அடித்த தப்பான சொல்லை ஒரு கணினியின் பெயர் என்று நினைத்து ரவுட்டர் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) தேடிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விடும். 'நோ ஐபி டொமைன் லுக்கப்' என்று முதலிலேயே போட்டுவிட்டால் தொல்லையே இல்லை.

கேபிள் அடிப்பதில் மதிப்பெண் போகிறது. எங்கே தப்பு?

கனெக்டரில் கம்பிகளை அடுக்கும் டி568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. பச்சைக்கு நடுவே நீல ஜோடி வந்து உட்காருவதுதான் புதியவர்களைக் குழப்பும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கி இரு முனையிலும் அப்படியே அடித்தால், மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். கேபிள் மட்டும் ஒழுங்காக ஓடாது. 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டும். பிரிந்துவிட்டால் ஜோடிகளுக்கிடையே சிக்னல் கசிந்து வேகம் குறையும், பிழை எண்ணிக்கை ஏறும்.

முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளி உறை கனெக்டருக்குள் போய்ப் பிடிப்பில் மாட்டியிருக்க வேண்டும். உறை வெளியே நின்றால் நான்கு நாளில் கம்பி பிடுங்கிக்கொண்டு வரும். அழுத்தும் முன் கனெக்டரின் முன்முகத்தைப் பாருங்கள்: எட்டு செம்புப் புள்ளியும் தெரிய வேண்டும்.

எல்லாம் சரியாகவே போட்டிருக்கிறேன், பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் போகவில்லை.

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒரே நேரத்தில் நாலு இடத்தை மாற்றாமல், கீழிருந்து மேலே வாருங்கள்.

முதலில் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்'. 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' என்றால் 'நோ ஷட்டவுன்' போடவில்லை. ரவுட்டரின் போர்ட்கள் பிறவியிலேயே மூடியிருக்கும், ஸ்விட்சின் போர்ட்கள் திறந்திருக்கும். வெறும் 'டவுன்' என்றால் கேபிளையோ எதிர்முனையையோ பாருங்கள்.

ஸ்விட்ச் விளக்கு ஆரஞ்சாக இருந்தால் பதறாமல் அரை நிமிடம் பொறுங்கள். ஸ்பேனிங் ட்ரீ 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்றுவிட்டுத்தான் வழியைத் திறக்கும். அதற்குள் கணினி டிஹெச்சிபி கேட்டு ஓய்ந்துபோய் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். கணினி மாட்டும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் இது தீரும்.

போன வகுப்பு மாணவர் விட்டுப்போனது அடுத்த சந்தேகம். 'ரைட் இரேஸ்' போட்டு ரீலோட் செய்தும் தெரியாத விலான்கள் நிற்கும். விலான் விவரம் ஸ்டார்ட்டப் கான்ஃபிகில் (சேமித்த அமைப்புக் கோப்பில்) இல்லை, ஃபிளாஷில் 'விலான் டாட் டாட்' (vlan.dat) என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. அதையும் அழித்துவிட்டு ரீலோட் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு தெரியாத ரவுட்டரை ராமான் (ROMmon) என்ற மீட்பு நிலைக்குக் கொண்டுபோய், கான்ஃபிக் ரெஜிஸ்டரை 2142 ஆக்கிக் கிளப்பினால் பழைய கான்ஃபிகைப் படிக்காமல் எழும். வேலை முடிந்ததும் 2102-க்குத் திருப்ப மறந்தால், உங்கள் இரண்டு மணி நேர உழைப்பு அடுத்த ரீலோடில் காணாமல்போனதுபோல் தோன்றும்.

டிரங்க்கில் மாட்டிக்கொள்வது தனி ரகம். இரண்டு சிஸ்கோ 2960 ஸ்விட்சைச் சும்மா இணைத்தால் டிரங்க் அமையாது. இரண்டுமே 'டைனமிக் ஆட்டோ' நிலையில், நீ முதலில் சொல் என்று காத்திருக்கும். ஒரு பக்கமாவது 'மோட் டிரங்க்' போட வேண்டும். பழைய 3560-இல் அதற்கும் முன்னால் என்காப்சுலேஷன் டாட்1கியூ கேட்கும். 2960-இல் அந்தக் கட்டளையே கிடையாது. நடுவில் இருக்கும் ஸ்விட்சில் அந்த விலானை உருவாக்கவில்லை என்றால், டிரங்க் பச்சையாக எரிந்தாலும் ஃபிரேம் அதைத் தாண்டாது.

இதில் பெரிய குழி 'டிரங்க் அலவ்ட் விலான்'. ஏற்கெனவே 10, 20 இருக்கும் பட்டியலில் 30-ஐச் சேர்க்க நினைத்து 'அலவ்ட் விலான் 30' என்று அடித்தால் 10-உம் 20-உம் போய்விடும், 30 மட்டும் மிஞ்சும். 'அலவ்ட் விலான் ஆட் 30' என்பதே சரி. லேபில் மதிப்பெண்ணோடு போகும். வேலையிடத்தில் இதே வரியால் ஒரு மாடியே இணைப்பிழந்து நிற்கும்.

ஓஎஸ்பிஎஃப்பில் அண்டை ரவுட்டர் தெரியவில்லை என்றால் ஏரியா எண், சப்நெட் மாஸ்க், ஹலோ நேரம் 10, டெட் நேரம் 40 ஆகியவை இருபுறமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ப்ராசஸ் எண் வேறாக இருக்கலாம், அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எக்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பொருந்துகிறதா என்று சந்தேகியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் நிஜக் கணினிக்கு மட்டும் பிங் போகாவிட்டால், அது பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால்.

பாக்கெட் டிரேசர் போதாதா? வீட்டுக்குச் சாதனம் வாங்கலாமா?

பாக்கெட் டிரேசர் என்பது நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிஸ்கோ மென்பொருள். சிசிஎன்ஏ அளவுக்கு அது ஏறக்குறைய போதும், இலவசமும்கூட. அதன் குறை, ஆசிரியர் தரும் பயிற்சிக் கோப்பு சதவீதம் காட்டுவது. ஹோஸ்ட்நேமில் ஒரு பெரிய எழுத்து தவறினாலும் 98-இல் நிற்கும். மாணவர் அந்த 2 சதவீதத்தைத் துரத்தி ஒரு மணி நேரம் தொலைப்பார், நெட்வொர்க் ஏன் வேலை செய்கிறது என்பதை யோசிக்க மாட்டார். ஒவ்வொரு பயிற்சியையும் முடித்த பிறகு, வெற்றுத் திரையில் வழிமுறை பார்க்காமல் மறுபடி கட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்து, மறுநாள் வந்து கண்டுபிடியுங்கள்.

ஆசைக்கு வாங்குவதானால் பழைய 2960 ஒன்று போதும். ரேக் சாதனத்தின் விசிறி அபார்ட்மென்ட் படுக்கையறையில் என்ன சத்தம் போடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாடம் முடித்தால் சிசிஎன்ஏ தானாக வந்துவிடுமா?

வராது. கல்லூரி தருவது மதிப்பெண்ணும் சர்டிஃபிகேட்டும். சிசிஎன்ஏ தனித் தேர்வு: எண் 200-301, 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், பியர்சன் வியூ மையத்தில் எழுதலாம். மூன்றாண்டு செல்லும். ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம்; அடிப்படைக்கும் நெட்வொர்க் ஆக்சஸுக்கும் தலா 20; செக்யூரிட்டி 15; ஐபி சர்வீசஸும் ஆட்டோமேஷனும் தலா 10. தேர்ச்சி மதிப்பெண்ணை சிஸ்கோ வெளியிடுவதில்லை. ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பிப் போக முடியாது, நம் பரீட்சைப் பழக்கத்துக்கு இது பெரிய அதிர்ச்சி. தோற்றால் மறுமுறைக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டும்.

அகாடமியின் இறுதித் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால் சலுகைக் கூப்பன் கிடைக்கும். முதல் முயற்சி மட்டுமே கணக்கு என்று நிபந்தனை இருக்கலாம், எனவே "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று உட்காராதீர்கள். மூன்றாவது பாடம் முடிந்து ஓரிரு மாதத்துக்குள் தேர்வை எழுதிவிடுங்கள். ஆறு மாதம் விட்டால் சப்நெட் வேகம் போய்விடும்.

முதலில் நெட்வொர்க் பிளஸ் எழுத வேண்டுமா?

கட்டாயமில்லை. நெட்வொர்க் பிளஸ், காம்ப்டியா அமைப்பு நடத்தும் தேர்வு. 2024-இல் வந்த என்10-009 பதிப்பில் 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்வி, 900-க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. எந்த நிறுவனச் சாதனத்தையும் சாராத அடிப்படை அது. ஐடி பக்கமே வராதவர்களுக்குப் பயன்படும். பி.இ. முடித்து சிசிஎன்ஏ பாடங்களும் படித்தவர் அந்தப் பணத்தை, அதே அமைப்பின் பாதுகாப்புத் தேர்வான செக்யூரிட்டி பிளஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சர்டிஃபிகேட் போதுமா, டிகிரி வேண்டுமா? பல்கலைக்கு மாற முடியுமா?

ஏற்கெனவே டிகிரி இருந்தால் சர்டிஃபிகேட் போதும். பள்ளி முடித்த பிள்ளைக்குச் சேர்க்கிறீர்கள் என்றால் கதை வேறு. சிசிஎன்ஏ வகுப்புகளில் பல, கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜரின் கட்டாயப் பாடமாக எண்ணப்படுவதில்லை; எலெக்டிவ் யூனிட்டாக நின்றுவிடும். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் கல்லூரி, பல்கலை, மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கால்குலஸையும் புரோகிராமிங்கையும் தள்ளிவைத்துவிட்டு நெட்வொர்க்கிங்கை முடித்தால் மாறுதல் ஓராண்டு தள்ளிப்போகும்.

என்ன வேலை கிடைக்கும்?

முதல் படி பெரும்பாலும் ஹெல்ப் டெஸ்க், கேபிளிங் டெக்னீஷியன், அல்லது இரவு ஷிஃப்டோடு கூடிய என்ஓசி (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) டெக்னீஷியன். 'நெட்வொர்க் இன்ஜினியர்' என்ற பட்டத்துக்கு மட்டும் விண்ணப்பித்து ஆறு மாதம் காத்திருப்பது வீண். பள்ளி மாவட்டங்கள், நகராட்சிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் ஐடி பிரிவுகளையும் தேடுங்கள். நேர்காணலில், மேலே சொன்ன டிரங்க் மாதிரியான ஒரு கோளாறைக் கொடுத்து "எங்கிருந்து தொடங்குவாய்?" என்பார்கள். கட்டளை மறந்தாலும் பரவாயில்லை, எந்த வரிசையில் பார்ப்பீர்கள் என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். வேலை அனுமதி அட்டை எப்போது வரும் என்று தெரியாத எச்-4 காரர்கள், தேர்வுத் தேதியை அட்டையோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுக் கடிகாரம் தேர்ச்சி பெற்ற நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

நடுவில் விட வேண்டி வந்தால்?

போகாமல் நின்றுவிடாதீர்கள், எஃப் விழும். செமஸ்டரின் தொடக்க வாரங்களில் ஒரு தேதிக்குள் விலகினால் பதிவேட்டில் சுவடே இருக்காது. பணம் திரும்பக் கிடைக்கும் தேதி அதற்கும் முந்தியது. அதன்பின், ஏறக்குறைய முக்கால் செமஸ்டர்வரை விலகினால் டபிள்யூ விழும். மதிப்பெண் சராசரியை அது கெடுக்காது, ஆனால் ஒரு முயற்சியாக எண்ணப்படும். ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று முயற்சிதான். எஃப்-1 மாணவர் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் விடக் கூடாது, 12 யூனிட்டுக்குக் கீழே போனால் விசா நிலைக்கே ஆபத்து. எச்-4-க்கு அந்தப் பயம் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து அவசரச் செய்தி என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். லேப் கெடுவைத் தள்ளிவைக்கப் பலர் சம்மதிப்பார்கள். கடைசிச் சில வாரம் மட்டுமே பாக்கி என்றால் 'இன்கம்ப்ளீட்' கேட்டுப் பார்க்கலாம். அதை முடிக்க அதிகபட்சம் ஓராண்டு தருவார்கள்.